செத்தப்புறம் போறது எந்த அப்பத்தா?

எங்க அப்பத்தாவுக்கு கடைசி மூணு வருஷம் மறதி நோய். என்னைய பாத்து எங்கப்பா பேர சொல்லி "பள்ளிக்கூடம் விட்டாச்சா"ன்னு கேக்கும், அஞ்சு நிமிஷம் கழிச்சு "தம்பி யாரு"ங்கும். காரியத்தன்னைக்கு ஒரு பெரியவர் "ஆத்மா நல்லபடியா போய் சேந்துருச்சு"ன்னார், எனக்கு உடனே டவுட், போனது எது, என்னைய தெரிஞ்ச அப்பத்தாவா தெரியாத அப்பத்தாவா? அதுலருந்து இந்த விஷயத்துல யார் யார் என்ன சொல்லிருக்காங்கன்னு தேடிப் படிக்கிறேன். எல்லாரையும் அப்பத்தாவ வச்சேதான் டெஸ்ட் பண்றேன், ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கங்க.

மொதல்ல இங்கிலாந்து தத்துவவாதி ஜான் லாக், ஏன்னா நம்மள்ல பாதிப் பேர் தெரியாமலே இந்தாளு கட்சிதான். 1694-ல தன் புத்தகத்தோட ரெண்டாம் பதிப்புல புதுசா சேத்த அத்தியாயத்துல சொல்றார், ஆள் அதே ஆள்தானான்னு முடிவு பண்றது ஆத்மாவும் இல்ல உடம்பும் இல்ல, பழச "இது எனக்கு நடந்தது"ன்னு உணர்ற அந்த நினைவுதான். இளவரசனோட நினைவு மொத்தமும் செருப்பு தைக்கிறவர் உடம்புக்குள்ள போனா உள்ள இருக்கறது இளவரசன்தானாம். சரி, அப்படின்னா எங்க அப்பத்தா டாக்டர் சொன்ன தேதியில சாகல, மூணு வருஷம் முன்னாடியே போயிருச்சு, அப்ப நான் தினம் சோறு ஊட்டுனது யாருக்கு?

1785-ல ஸ்காட்லாந்து தத்துவவாதி தாமஸ் ரீட் இவர நல்லா மடக்குறார். பழத்தோட்டத்துல திருடி அடி வாங்குன ஒரு பையன், வளந்து ஆபீசராகி எதிரியோட கொடிய பறிக்கிறான், வயசானப்புறம் ஜெனரல் ஆகுறான். ஆபீசருக்கு அடி ஞாபகம் இருந்துச்சு, ஜெனரலுக்கு கொடி ஞாபகம் இருக்கு ஆனா அடி சுத்தமா மறந்துருச்சு. லாக் கணக்குப்படி பையனும் ஆபீசரும் ஒண்ணு, ஆபீசரும் ஜெனரலும் ஒண்ணு, ஆனா ஜெனரலுக்கு அடி ஞாபகமில்ல, அதனால அந்தப் பையனும் ஜெனரலும் ஒரே ஆளாவும் இருக்கணும், இல்லாமலும் இருக்கணும்!

நம்ம சைவ சித்தாந்தம் இந்த மறதி கேஸ எவ்வளவு ஈஸியா தாண்டுதுன்னு பாருங்க. உயிர் அழியாது, ஆனா அது தானா எதையும் அறியாது, மனம் புத்தி சித்தம் அகங்காரம்னு கருவிங்க இருந்தாத்தான் அறியும். அப்ப அப்பத்தாவுக்கு கெட்டது கருவிதான், கண்ணுல புரை விழுந்த மாதிரி, உயிர் அப்படியேதான் இருந்துச்சு. ஆறுதலா இருக்கு. ஆனா அடுத்த பிறவில கருவியெல்லாம் புதுசு, வினை மட்டும் கூட வரும், ஞாபகம் வராது. எங்கயோ ஒரு ஊர்ல ஒரு கைக்குழந்தை, அதுக்கு என்னைய தெரியாது எனக்கும் அதத் தெரியாது, உயிர் அதேதான்னு சொன்னா அத வச்சு நான் என்ன பண்றது?

பூதவாதி, அதாவது நிலம் நீர் மாதிரி பூதங்க சேந்ததுதான் எல்லாம், தனியா உயிர்னு ஒண்ணு இல்லங்கறவர், அவர் கட்சி ரொம்ப சிம்பிள். மணிமேகலை காப்பியத்துல ஒருத்தர் வந்து சொல்றார், தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேந்தா போதை வர்ற மாதிரிதான் உணர்வு, பூதங்க பிரிஞ்சா பறை சத்தம் மாதிரி அடங்கிரும். கண்ணால கண்டதத் தவிர எதையும் நம்ப மாட்டேங்கறார். பழம்பிறப்பு ஞாபகம் இருக்கற மணிமேகலை சிரிச்சுட்டு, உன் அப்பா அம்மா யாருன்னு ஊகத்துல இல்லாம வேற எப்படிய்யா தெரிஞ்சுக்கிட்டன்னு போட்ற போடு இருக்கே! அதுக்காக அவர தள்ளிவிடவும் முடியல. அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு 1953-ல வலிப்புக்காக மூளைல ஞாபகத்தப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் பக்கம் வெட்டி எடுத்தாங்க, அதுலருந்து சாகுற வரைக்கும், 2008 வரைக்கும், புதுசா நடக்கறது எதுவும் தங்கல. கண்ணாடியில பாத்து நட்சத்திரம் வரையற பயிற்சி குடுத்தா நாளுக்கு நாள் நல்லா வரைவார், ஆனா ஒவ்வொரு நாளும் இதுதான் மொத தடவைம்பார். கை பழகிருச்சு, ஆளுக்குத் தெரியாது. அவர் போனப்புறம் அந்த மூளைய 2401 சீவலா சீவி வச்சிருக்காங்க. பூதவாதி பாத்தா இதுக்கு மேல என்னய்யா வேணும்னு கேப்பார்.

நான் இப்ப நிக்கிறது பௌத்தத் துறவி நாகசேனர் பக்கம். கிரேக்க ராஜா மெனாண்டர், பௌத்தர்கள் மிலிந்தன்னு சொல்றவர், மறுபடி பிறக்கறவன் அதே ஆளா வேற ஆளான்னு அவர்கிட்ட கேக்குறார். அதுவும் இல்ல, இதுவும் இல்லங்கறார் துறவி. ராத்திரி பூரா எரியற விளக்குல மொத சாமத்துச் சுடரும் கடைசி சாமத்துச் சுடரும் ஒண்ணா? மாங்காத் திருடன் "நான் எடுத்தது நீ நட்ட மாங்கா இல்லையே"ன்னு சொன்னா விட்ருவீங்களா? (ரீட், நாகசேனர் ரெண்டு பேருமே தோட்டத்துத் திருட்டுக்குத்தான் வந்து நிக்கிறாங்க, எனக்கு அது ஒரு தனி குஷி.) இவர் கணக்குல எந்த அப்பத்தாங்கற கேள்வியே தப்பு, சுடர் ஒண்ணத் தொட்டு ஒண்ணு போகுது, அவ்வளவுதான்.

கடைசி வருஷம் முருங்கக்கீரைய மடியில வச்சா அப்பத்தா கை தானா ஆயும். பேசிக்கிட்டே, என்னைய யாருன்னு கேட்டுக்கிட்டே, பழுத்த இலைய மட்டும் கரெக்டா ஒதுக்கி வைக்கும்.