நாகர்கோவில் ஸ்கேன், திருவனந்தபுரம் டாக்டர்: ரிப்போர்ட்டை எதில் அனுப்பலாம்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்கேன் எடுத்து, திருவனந்தபுரத்து டாக்டரிடம் காட்டுவது குமரி மாவட்டத்தில் வழக்கம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் ஆக மெயிலில் அனுப்பலாம், கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் என்ற மென்பொருளில் பூட்டியும் அனுப்பலாம். மூன்றிலும் மறையாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது, என்கிரிப்ஷன்) உண்டு. ஓட்டை விழும் இடம்தான் வேறு.

வாட்ஸ்அப்பில் 2016 முதல், அனுப்பும்போது நடுவில் யாரும் படிக்க முடியாது. சிக்கல் இரு முனைகளிலும். போட்டோவாக அனுப்பினால் கேலரியில் போய்க் குந்தும், எழுத்தும் மங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாட் பேக்கப்புக்கான மறையாக்கம் தானாக வராது, செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் இருவரும் ஆன் செய்ய வேண்டும். அதற்கு வைக்கும் பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. இதையெல்லாம் செய்துவிட்டு, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் அத்தனையும் வீண். லிங்க்ட் டிவைசஸ் பட்டியலை அடிக்கடி பார்த்து, தேவையில்லாததை லாக் அவுட் செய்யுங்கள்.

பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பில் மறையாக்கம் பொதுவாக வலுவானதுதான், சாவிதான் சொத்தை. பல இடங்களில் பிறந்த தேதியே பாஸ்வேர்டு. 100 வருஷத்துக்குக் கணக்கிட்டாலும் தேதிகள் 36,500 சொச்சம்தான். கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையே இல்லை. பிறந்தநாளைத்தான் ஊரே ஸ்டேட்டஸில் வாழ்த்துகிறதே! பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதுவது, பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது. இன்னொன்று: பிரிண்ட் எடுப்பதை மட்டும் தடுக்கும் பாஸ்வேர்டு கோப்பைப் பூட்டாது. திறக்கவே பாஸ்வேர்டு கேட்க வேண்டும்.

முழு சிடி ஸ்கேனுக்கு 7-ஜிப்தான் சரி. நூற்றுக்கணக்கான டைகாம் (மருத்துவ ஸ்கேன்களுக்கான கோப்பு வடிவம்) படங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் நோயாளியின் பெயர், பிறந்த தேதி. கோப்பின் பெயரை மாற்றினாலும் அவை போகாது. ஃபோல்டரில் ரைட் கிளிக், ஆட் டு ஆர்க்கைவ், வடிவம் 7இசட். என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ் டிக் செய்யாவிட்டால் உள்ளிருக்கும் கோப்புப் பெயர்கள் பாஸ்வேர்டு இல்லாமலே தெரியும். ஜிப் வடிவம்தான் வேண்டுமென்றால் மறையாக்க முறையில் ஜிப்கிரிப்டோவை விட்டு, வலுவான ஏஇஎஸ்-256 தேர்ந்தெடுங்கள். பழைய ஜிப்கிரிப்டோவை உடைக்கும் வழி எப்போதோ வந்துவிட்டது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்துப் பாஸ்வேர்டு வைத்து, போனில் வாயால் சொல்லுங்கள்.

ஒற்றைப் பக்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு இத்தனை பாடு வேண்டாம், பேக்கப் பூட்டிய வாட்ஸ்அப் போதும். 7-ஜிப்பில் அனுப்பினால் மட்டும் டாக்டர் பக்கம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பிரித்தெடுத்த படங்கள் டவுன்லோட்ஸில் பூட்டில்லாமல் கிடக்கும், பார்த்து முடித்ததும் ரீசைக்கிள் பின் வரை அழிக்க வேண்டும்.