ஒரே கட்டம், மூன்று போர்வைகள்: லொக் கேபினுடன் ஏழு ஆண்டுகள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஒற்றைக் கம்பளி போதுவதில்லை. அந்தத் தேவைக்காகவே 2018 இல் அம்மாவின் கையால் சுற்றும் தையல் மெஷினில் முதல் ஒட்டுப்போர்வையைத் தைத்தேன். துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் சதுர வடிவங்களான கட்டங்களில் பலவற்றைப் பழகுவதைவிட ஒன்றையே எடுத்துக்கொண்டு, நிறத்தையும் அடுக்கும் முறையையும் மாற்றிப் பார்ப்பது என்று அப்போதே தீர்மானித்திருந்தேன். அவ்வாறு தைத்த மூன்று போர்வைகளும் இன்றுவரை அன்றாடம் பயன்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் போர்த்தித் துவைத்த பிறகு அவை எவ்வாறு இருக்கின்றன என்பதையே இங்கு எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது லொக் கேபின், அதாவது மரக்குற்றி வீடு, என்ற கட்டம். 1860களில் அமெரிக்காவில் பரவலாகத் தைக்கப்பட்ட இக்கட்டத்தில், நடுவில் ஒரு சிறு சதுரம் இருக்கும். அதைச் சுற்றி, மரக்குற்றிகளை அடுக்கிச் சுவர் எழுப்புவதுபோல், ஒன்றன்பின் ஒன்றாகத் துணிப்பட்டிகள் வளரும். அடுத்தடுத்த இரு பக்கங்கள் வெளிர் துணியாகவும் மற்ற இரு பக்கங்கள் அடர் துணியாகவும் இருப்பதால், முடிந்த கட்டம் மூலைவிட்டத்தில் ஒளியும் நிழலுமாகப் பிரிந்து நிற்கும். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது மரபு. அது வீட்டின் அடுப்பைக் குறிக்கும் என்பார்கள். மாலைப்பொழுது முழுவதும் விறகடுப்பைச் சுற்றியே கழியும் லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், வளர்ந்த எனக்கு அந்த விளக்கம் உடனே பிடித்துப்போயிற்று.

என் கட்டம் முடிந்த அளவில் 8 அங்குலம்: நடுச் சதுரம் 2 அங்குலம், சுற்றிலும் ஓரங்குலப் பட்டிகள் மூன்று சுற்று. எட்டுக்குப் பத்து என்று 80 கட்டங்கள் வைத்தால் 64க்கு 80 அங்குலப் போர்வை கிடைக்கும். அதற்கு 960 பட்டிகள் வேண்டும். தையலுக்கு வெளியே விடும் துணி ஓரமான தையல் விளிம்பு கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. விளிம்பு ஒரு மில்லிமீற்றர் கூடினால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு மில்லிமீற்றர் குறையும்; கட்டத்தின் குறுக்கே ஆறு தையல்கள் இருப்பதால் கட்டமே ஏறக்குறைய அரை அங்குலம் சிறுத்துவிடும். முதல் பன்னிரண்டு கட்டங்களை நான் பிரித்துத் தைக்க நேர்ந்தது இதனால்தான்.

முதல் போர்வைக்குத் துணி வாங்கவே இல்லை. வெளிர் பக்கத்திற்குப் பிள்ளைகளின் பழைய வெள்ளைப் பாடசாலைச் சீருடைகளையும், அடர் பக்கத்திற்கு அப்பாவின் பழைய சாரங்களையும் (கைலிகளையும்) கிழித்துக்கொண்டேன். கருநீலம், அரக்கு, கரும்பச்சை எல்லாம் ஒன்றோடொன்று சேராமல் கிடந்தன. அவற்றை பார்ன் ரேஸிங் என்ற அடுக்கில், நடுவிலிருந்து சாய்சதுரங்கள் விரிந்துகொண்டே போகும்படி வைத்தேன். நிறச் சேர்க்கை என்ற வகையில் அது அழகான போர்வை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவதற்கு, 2020 இல், கிலோக் கணக்கில் விற்கும் கட்பீஸ் (வெட்டுத்துண்டு) மூட்டையிலிருந்து இளஞ்சிவப்பு, இளம்பச்சை, வானீலச் சீத்தை எனும் பருத்தித் துணிகளை ஆசையோடு பொறுக்கினேன். பச்சையை ஒளியாகவும் மற்ற இரண்டையும் நிழலாகவும் எண்ணி, ஸ்ட்ரெயிட் ஃபரோ அடுக்கில் சாய்கோடுகளாக வைத்தபோது, சரிவில் ஓடும் தேயிலை நிரைகளைப் போலவே இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். ஆனால் ஒன்றரை ஆண்டுத் துவையலில் அந்த நிரைகள் மறைந்துவிட்டன. துணி கிழியவில்லை, தையல் விடவில்லை. கோலம் மட்டும் இல்லாமல் போயிற்று.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கைத்தொலைபேசி உதவியது. இரு போர்வைகளையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பார்த்தேன். சீத்தைப் போர்வையில் பச்சையும் இளஞ்சிவப்பும் வானீலமும் ஏறத்தாழ ஒரே சாம்பல்; சாரத் துணிப் போர்வையிலோ சாய்சதுரங்கள் தைத்த நாள்போலவே துலங்கின. லொக் கேபினின் அடுக்குகளைத் தாங்கி நிற்பது நிறத்தின் பெயரன்று, அதன் வெளிர்வும் அடர்வுமே. புதுத் துணியில் நிற வேறுபாடு கண்ணை ஏமாற்றிவிடும்; துவைக்கத் துவைக்க நிறம் வெளிறும்போது, தொடக்கத்திலேயே குறைவாக இருந்த ஒளி நிழல் இடைவெளி முற்றிலும் மூடிக்கொள்கிறது. ஆகவே, சற்று மிகையாகத் தோன்றும் அளவுக்கு அந்த இடைவெளியை முதலிலேயே வைத்துக்கொள்ளுமாறு புதிதாகத் தைப்பவர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன்.

மூன்றாவது போர்வையை, துணி விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்த 2022 இல், மீண்டும் பழைய துணிகளில் தொடங்கினேன். இம்முறை ஒவ்வொரு துணியையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்த பிறகே வெட்டினேன். வேறொரு மாற்றமும் செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் வெளிர் பட்டிகளை முதலில் தைத்தால், கட்டத்தின் 64 சதுர அங்குலத்தில் வெளிருக்கு 27, அடருக்கு 33, நடுவுக்கு 4 என்று அமையும். பிந்தித் தைக்கும் நிறமே அதிக இடத்தைப் பிடிக்கும். முதல் போர்வை சற்று இருண்டு தெரிவதற்கு இதுவும் காரணம் என்று கணக்குப் போட்டபோது விளங்கியது. வரிசையை மாற்றி அடரை முதலில் தைத்து, சன்ஷைன் அன்ட் ஷடோ அடுக்கில் ஒளிச் சாய்சதுரமும் நிழல் சாய்சதுரமும் மாறிமாறி வரும்படி வைத்தேன். மழைக்காலத்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டிய எங்கள் அறைக்கு இந்த மூன்றாவதே மிகப் பொருத்தமாக இருக்கிறது. 80 கட்டங்களையும் விரிக்கக் காம்பராவில் இடமில்லாததால் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பரப்பி, முக்காலியில் ஏறி நின்று ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்து ஒப்பிட்டேன். கட்டங்களைத் திருப்பி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. இணைத்துத் தைப்பதற்கு முன் இரண்டு நாட்களாவது இவ்வாறு பார்ப்பது நல்லது.

வெள்ளைச் சீருடைத் துணியில் ஒரு குறை உண்டு. அது மெல்லியது, அடர் துணியின் விளிம்பு அதற்கடியில் வந்தால் கோடுபோல் வெளியே தெரியும். அடர் விளிம்பை இரண்டு இழை குறைத்து வெட்டிவிட்டால் அது மறைந்துவிடும். சிவப்புத் துணியைத் தண்ணீர் தெளியும்வரை துவைக்காமல் தொடவே கூடாது. முதல் போர்வையில் மூன்று கட்டங்களின் வெள்ளை இன்றும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது.

உள்ளே பஞ்சுக்குப் பதிலாகப் பழைய கம்பளியை வைத்ததால் சூடு தாராளம், உலர்வதுதான் கடினம். ஜூன், ஜூலை மழையில் துவைத்தால் நான்கு நாட்களாகியும் ஈரம் போகாது, பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே பெப்ரவரியிலும் மார்ச்சிலும் மட்டுமே துவைத்து, வெயிலில் பின்பக்கம் மேலாக விரிக்கிறேன்.

மூன்று போர்வைகளிலும் முதலில் தேய்ந்தது முகத்துப் பக்கத்து ஓரப்பட்டி. முதல் போர்வைக்கு நான்காம் ஆண்டில் அதை மாற்றினேன். சீத்தைப் போர்வைக்கு இந்த ஆண்டு மாற்றும்போது, கோலம் மறைந்த கட்டங்களின் வெளிச்சுற்று அடர் பட்டிகளின்மேல் மட்டும் கருநீலச் சாரத் துணியை வைத்துக் கையால் தைத்து வருகிறேன். இதுவரை இரண்டு வரிசை முடிந்திருக்கிறது. அந்த இரண்டு வரிசையிலும் நிரைகள் மீண்டும் தெரிகின்றன.