சாட்ஸ்வொர்த் நர்ஸ் ஏஜென்சி: ரேட்டைக் கேட்கும் முன் ரோஸ்டரைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நர்ஸ்களை அனுப்பும் பெரிய நிறுவனங்கள் மருத்துவமனை வார்டுகளைப் பிடித்துக்கொண்டன. வீட்டு நோயாளிகளும் சின்ன முதியோர் இல்லங்களும்தான் மிச்சம். அந்த மிச்சத்தை நம்பி இருபது பேருக்கும் குறைவான ஆட்களோடு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இயங்கும் ஏஜென்சி இது. மலிவு இல்லை. ஆனால் கணக்கு நேர்மையாக இருக்கிறது.

படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியை 24 மணி நேரமும் பார்க்க, காலை ஏழு முதல் மாலை ஏழு, மாலை ஏழு முதல் காலை ஏழு என்று வாரத்துக்கு 14 ஷிஃப்ட். இங்கே ரோஸ்டரில், அதாவது டூட்டிப் பட்டியலில், நான்கு பேரைப் போடுகிறார்கள்: இருவருக்கு நான்கு, இருவருக்கு மூன்று. ஐந்தாவதாக ஒரு ரிலீவரையும் முதல் வாரமே வீட்டுக்கு அழைத்து வந்து காட்டிவிடுகிறார்கள். ஆள் வராத நாளில் இதன் அருமை தெரியும்.

நான்கு ஷிஃப்ட் என்றால் 48 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்து 44 என்று காட்டி, வாரத்துக்குச் சட்டம் சொல்லும் 45 மணி வரம்புக்குள் அடக்குவது பல ஏஜென்சிகளின் பழக்கம். நோயாளியோடு தனியாக இருப்பவர் எழுந்து வெளியே போக முடியுமா? கூப்பிட்டால் வரவேண்டிய நிலையில் இருந்தால் அந்த ஒரு மணிக்கும் சம்பளம் உண்டு என்பது சட்டம். ஆக மூன்று மணி ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. இவர்கள் அதைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடுகிறார்கள். இரண்டே பேரை வைத்து முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், ஆளுக்கு வாரம் 84 மணி. பொதுவான தொழிலாளர் சட்டப்படி ஓவர்டைமே வாரம் பத்து மணிக்கு மேல் கூடாது. மூன்றாவது வாரம் இரவு டூட்டிக்காரர் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். அவரைத் திட்டிப் பயனில்லை.

2025 மார்ச்சில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. இங்கே போடும் கணக்கெல்லாம் அந்த ரேட்டில்தான். 12 மணிக்கு 345.48. வழக்கமாக ஞாயிறும் வேலை செய்பவருக்கு அன்றைக்கு ஒன்றரை மடங்கு, 518.22. மாலை ஆறுக்கு மேல் வேலை என்றால் இரவுப் படியும், வந்துபோக வண்டி வசதியும் வேண்டும். இதெல்லாம் சேர்த்தும் யாரேனும் 400 ராண்டுக்கு ஷிஃப்ட் தருகிறார்கள் என்றால் எங்கேயோ பிடித்தம் நடக்கிறது. தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை, இரட்டைச் சம்பளம் வராது. புனித வெள்ளிக்கு வரும். அன்றைக்கு நடக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள் முன்கூட்டியே கணக்குப் போடட்டும்.

நர்ஸ் பதிவை நர்சிங் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் அவரவர் எண்ணைப் போட்டுப் பார்த்து, அந்தத் தாளை வீட்டுக் கோப்பில் வைக்கிறார்கள். சான்றிதழ் நகலை நம்ப வேண்டாம். ஆண்டுக் கட்டணம் டிசம்பர் 31க்குள் கட்ட வேண்டியது, அதனால் ஜனவரியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கேர்கிவர்களுக்கு அந்தப் பதிவே கிடையாது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது அவர்கள் வேலை. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றச் சொல்லக் கூடாது.

முதல் நாள் படிவம் நன்றாக இருக்கிறது. மாடிப்படி உண்டா, குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா, மின்சாரம் போனால் ஆக்சிஜன் இயந்திரத்துக்கு மாற்று என்ன என்று கேட்கிறார்கள். புரட்டாசியில் வீட்டுக்குள் இறைச்சி கூடாது என்பதற்கும் ஒரு கட்டம். டூட்டிக்கு வருபவர் சாப்பாடு கட்டிவரும் முன்பே தெரிந்துவிடுகிறது.

குறை ஒப்பந்தத்தில். ஒரே ஆள் ஓரிடத்தில் மூன்று மாதத்தைத் தாண்டினால், குறைந்த சம்பளக்காரர் விஷயத்தில், தொழிலுறவுச் சட்டத்தின்படி ஏஜென்சி அல்ல, அவர் போய் வேலை செய்யும் வாடிக்கையாளரே முதலாளி. 2015 ஜனவரி முதல் இதுதான் நிலை. 2018இல் அரசியல் சட்ட நீதிமன்றமும் உறுதி செய்தது. இவர்கள் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. முதியோர் இல்லம் நடத்துபவர்கள் கையெழுத்துக்கு முன் கேட்டே ஆகவேண்டும். விடுப்பில் போனவருக்குப் பதிலாக வருபவருக்கு இந்த மூன்று மாதக் கணக்கு ஓடாது. மாதக்கணக்கில் நீளும் பிரசவ விடுப்புக்கு ஆள் கொடுப்பதுதான் சிறு ஏஜென்சிக்குத் தோதான வேலை. இவர்கள் அதை விளம்பரத்தில் சொல்வதுகூட இல்லை, விந்தை.

இதே தொழிலில் இறங்குபவர்களுக்கு: சம்பளம் வாரம்தோறும் போகும், இல்லங்கள் பில்லை 30 நாள் கழித்துக் கட்டும், பலர் இன்னும் இழுப்பார்கள். ஒரு 24 மணி நேர வேலைக்கு அந்த 2025 ரேட்டில் அடிப்படைக் கூலி மட்டும் வாரம் 4,836.72 ராண்ட். ஆறு வாரத்துக்கு 29,000க்கு மேல் கையில் இல்லாமல் இரண்டாவது வாடிக்கையாளரை ஒப்புக்கொள்ள வேண்டாம்.