வேட்டைத் துவக்குக்கு எந்த ஒலியடக்கி: குழலைச் சுற்றி நிற்பதா, குழலின் முன்னே நீள்வதா?

நோர்வேயின் மேற்குக் கரையில் செம்மான் வேட்டைக்கு வருபவர்களில் ஒலியடக்கி பூட்டாத துவக்கோடு வருபவரை இப்போது காண்பது அரிது. நாம் சைலன்சர் என்று சொல்லிப் பழகிய இந்தக் கருவி, இங்கே துவக்குக் கடைகளில் ஸ்கோப்புக்கும் தோள்வாருக்கும் பக்கத்தில் வைத்து விற்கப்படும் சாதாரண வேட்டைப் பொருள். என்னுடைய .308 அளவுத் தோட்டா போடும் துவக்கின் பழைய ஒலியடக்கியை மாற்றும் தேவை வந்தபோது இரண்டு வகைகளுக்கு நடுவில் நெடுநாள் யோசித்தேன். ஒன்று, குழல் வாய்க்கு முன்னே சிறிது நீண்டு, மீதிப் பகுதி பின்னோக்கி வந்து குழலைச் சுற்றி உறையாக நிற்கும் வகை. அலுமினிய உடலும், உள்ளே வாயுவைத் தடுத்து மெதுவாக்கும் எஃகுத் தட்டுகளும் கொண்டவை இதில் அதிகம். மற்றது, குழல் வாயின் மரையில் (திருகுப் புரியில்) பூட்டியதும் முழுவதுமாக முன்னோக்கி நீளும் டைட்டேனிய வகை. நான் வாங்கியது இரண்டாவது. அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன் என்றாலும், முதல் வகைக்குரிய நியாயத்தையும் சொல்லாமல் விட மாட்டேன்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். .308 தோட்டா ஒலியடக்கி இல்லாமல் வெடிக்கும்போது குழல் வாயருகே எழும் உச்ச ஒலி 160 டெசிபெலுக்கும் மேல். தரமான ஒலியடக்கி அதில் 25 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். எஞ்சுவது 140ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்கும். திடீர் வெடியொலிக்குத் தொழில்சார் பாதுகாப்பு விதிகள் வகுத்திருக்கும் எல்லையும் அந்த 140தான். ஆகவே எதை வாங்கினாலும் காதுக்கவசத்தைக் கைவிட முடியாது. குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 800 மீற்றர் வேகத்தில் பறக்கிறது, ஒலியோ 340 மீற்றர் அளவில்தான் செல்கிறது. ஒலியை முந்திச் செல்லும் குண்டு வழிநெடுக எழுப்பும் சாட்டையடி போன்ற ஓசையைக் குழலில் பூட்டிய எந்தக் கருவியாலும் அடக்க இயலாது.

விற்பனைத் தாள்களில் காணப்படும் இரண்டு, மூன்று டெசிபெல் வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க இராணுவத்தின் அளவீட்டு முறை ஒலிவாங்கியைக் குழல் வாய்க்கு இடப்புறம் 1 மீற்றர் தள்ளி, தரையிலிருந்து 1.6 மீற்றர் உயரத்தில் வைக்கச் சொல்கிறது. வேறு சில அளவீடுகள் சுடுபவரின் காதருகே எடுக்கப்படுகின்றன. வேறு வேறு இடங்களில் எடுத்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. வேட்டைக்காரர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒலியடக்கிக்குள் தங்கியிருக்கும் காற்றின் ஒட்சிசனால் முதல் வெடி, அடுத்து வருபவற்றைவிடச் சற்று உரத்துக் கேட்கும். நாம் மானுக்கு வைப்பது பெரும்பாலும் அந்த முதல் வெடி ஒன்றுதான். பல வெடிகளின் சராசரி அதை மறைத்துவிடும். உள்ளிருக்கும் கொள்ளளவு ஒத்ததாக இருந்தால், இரண்டு வகையும் ஒலியில் ஏறத்தாழச் சமம் என்பதே நான் கேட்டறிந்தது. அருகில் நிற்கும் நாயும் வயலோரத்து வீட்டாரும் இரண்டுக்கும் ஒரேயளவு நன்றி சொல்வார்கள்.

நீளத்தில் உறை வகைக்கே வெற்றி. அது துவக்கின் நீளத்தை 8 முதல் 12 சென்ரிமீற்றர்தான் கூட்டும். முன்நீள் வகை 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை கூட்டும். 56 சென்ரிமீற்றர் குழலின் நுனியில் அத்தனை நீளத்தைச் சேர்த்துக்கொண்டு பேர்ச் மரப் புதர்களுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு கிளையும் வழிமறிக்கும். உறை வகையின் எடை பின்னோக்கி நகர்ந்திருப்பதால், துவக்கைத் தோளில் வைத்ததும் நுனி தாழாது. டைட்டேனியம் இதை ஓரளவு தன் இலேசால் ஈடுசெய்கிறது. 300 கிராமுக்கு உட்பட்டவை எளிதில் கிடைக்கின்றன, உறை வகையில் 400, 500 கிராம் சாதாரணம். எனினும் நுனியில் தொங்கும் 300 கிராமும் கைக்குத் தெரியத்தான் செய்யும்.

முன்நீள் வகையை விரும்புபவர்கள் அதனால்தான் குழலைக் குறைக்கிறார்கள். .308க்கு 47 சென்ரிமீற்றர் குழல் போதுமானது. ஒவ்வொரு 2.5 சென்ரிமீற்றருக்கும் வினாடிக்கு 6 முதல் 9 மீற்றர் வரையே வேகம் இழக்கப்படுகிறது. ஆனால் இங்கே சட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்கு 9 முதல் 10 கிராம் வரையுள்ள குண்டு 100 மீற்றரில் 2700 ஜூல் ஆற்றலையேனும் தாங்கியிருக்க வேண்டும்; 10 கிராமும் அதற்கு மேலும் உள்ள குண்டுக்கு 2200 ஜூல் போதும். நீண்ட குழலில் எல்லையைச் சிரமமின்றிக் கடந்த 9.7 கிராம் குண்டு, குறைத்த குழலில் எல்லைக்கு மிக அருகில் வந்து நிற்கலாம். 10.7 அல்லது 11.7 கிராம் குண்டுக்கு மாறினால் அந்தக் கவலை தீர்ந்துவிடும். 6.5×55 அளவுத் தோட்டாவுக்கான துவக்கு வைத்திருப்பவர்கள் வழக்கமான 10.1 கிராம் குண்டையே தொடரலாம். குழலைக் குறைத்தால் வாயில் வாயு அழுத்தம் கூடி ஒலியும் சற்று உயரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் தராசின் இரு தட்டுகளையும் ஏறத்தாழச் சமமாக வைத்திருந்தன. முடிவைத் தீர்மானித்தது ஈரம். மேற்குக் கரை நகரான பேர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. செம்மான் வேட்டை செப்ரெம்பர் 1 முதல் டிசெம்பர் 23 வரை, அதாவது ஆண்டின் மழை மிகுந்த மாதங்களில் நடக்கிறது. ஆனால் மழை பாதிக் கதைதான். மறுபாதி நீரை உள்ளிருந்து நாமே உண்டாக்குகிறோம். புகையற்ற மருந்து எரியும்போது வெளிவரும் வாயுக்களில் நீராவியும் ஒன்று. குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் அது படிந்து, கரியோடும் தோட்டாவின் பற்றவைப்பு மருந்து விட்டுச்சென்ற எச்சத்தோடும் கலந்து, கறுப்பு ஈரமாகத் தட்டுகளுக்கிடையே தங்குகிறது. திறந்த குழலாக இருந்தால் அந்த நீராவி காற்றோடு போயிருக்கும். ஒலியடக்கி வாயுவைப் பிடித்து மெல்ல வெளிவிடுவதற்கென்றே செய்யப்பட்டது. வாயுவைப் பிடிக்கும்போது நீரையும் பிடித்துவிடுகிறது. பிறகு துவக்கைக் குளிரிலிருந்து சூடேற்றிய காருக்குள்ளோ குடிலுக்குள்ளோ கொண்டுவந்தால் இரண்டாவது தடவையும் வியர்க்கும்.

உறை வகையின் அமைப்பு இந்த இடத்தில்தான் எதிராகத் திரும்புகிறது. உறைக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய இடைவெளி உண்டு. அதன் பின்முனையில் குழலைத் தாங்கும் வளையம் காற்றுப் புகாத மூடியல்ல. மழைநீர் குழல் வழியே வழிந்து அந்த வளையத்தைத் தாண்டி உள்ளே போகும். முன்னிருந்து வாயுவின் ஈரமும் வந்து சேரும். உள்ளே போனது எளிதில் வெளியேறாது. அங்கே இருப்பது நீலச் சாயம் ஏற்றிய சாதாரண எஃகுக் குழல், அதுவும் கண்ணுக்குத் தெரியாத பகுதி. வேட்டைக் குழுக்களில் இவ்வகையைக் கழற்றிப் பார்க்கும்போது குழலின் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் செம்புள்ளிகள் பூத்திருப்பதை நான் வெவ்வேறு துவக்குகளில் கண்டிருக்கிறேன். மரை இணைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்புக் காற்று வீசும் ஃபியோர்ட் (நிலத்துக்குள் நீளும் கடல் நீரிணை) ஓரங்களில் அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டு கிடந்தால், மின்வேதி அரிப்பில் முதலில் கரைவது அலுமினியம்.

பராமரிப்பு முறை இரண்டு வகைக்கும் ஒன்றுதான், அது கடினமானதுமல்ல. வேட்டை முடிந்ததும் துவக்கை வெறுமையாக்கி, ஒலியடக்கியைக் கழற்ற வேண்டும். அதை மரைப் பக்கம் திறந்திருக்க, சூடான உலர்ந்த அறையில் நிறுத்தி வைக்க வேண்டும். குழலைத் துடைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி சிறிது நேரம் விட்டு, மரையிலும் உட்புறத்திலும் மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். ஈரமான ஒலியடக்கியைத் துவக்குப் பெட்டகத்துக்குள் அடைப்பது, பெட்டகத்திலுள்ள எல்லாத் துவக்குகளுக்கும் ஈரத்தைப் பகிர்ந்து கொடுப்பதாகும். ஒலியடக்கியின் மேல் நியோபிரீன் (செயற்கை ரப்பர்) போர்வை போட்டிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். அடுத்த வேட்டைக்கு முன் குழலின் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும்.

கேள்வி, இந்த முறையை ஒவ்வொரு தடவையும் செய்ய முடிகிறதா என்பதே. அந்திக் கருக்கலில் வயலோரத்தில் மான் விழுகிறது. குடலை எடுத்து, இழுத்துச் சென்று, கொட்டகையில் தொங்கவிட்டு, கை கழுவும்போது நள்ளிரவாகிவிடும். மறுநாள் வேலைக்கும் போக வேண்டும். அத்தகைய இரவில் கழற்ற மறந்த ஒலியடக்கி என்ன செய்யும் என்பதை வைத்தே நான் இரண்டையும் எடைபோட்டேன். முன்நீள் டைட்டேனியத்தில் ஆபத்துக்கு உள்ளாவது குழல் வாயும் சில மில்லிமீற்றர் மரையும் மட்டுமே. கருவியின் உடல் துருப்பிடிக்கவே பிடிக்காது. உறை வகையில் ஒரு சாண் குழலும், எஃகுத் தட்டுகளும், அலுமினிய இணைப்பும் சேர்ந்து ஆபத்தில் இருக்கும். கழற்றும் எளிமையிலும் இரண்டும் வேறுபடுகின்றன. முன்நீள் வகையைக் காரின் பின்கதவருகே நின்று சில திருகலில் எடுத்துவிடலாம். உறை வகையை நேராகப் பிடித்துக் குழல் வழியே இழுக்க வேண்டும். மணலோ கரியோ சிக்கியிருந்தால் குழலின் சாயத்தில் கீறல் விழும்.

டைட்டேனியத்துக்கும் தனிக் கவனம் தேவை. எஃகு மரையில் உலர்ந்த டைட்டேனிய மரையை இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. செம்புப் பசையோ அதுபோன்ற இறுகுதடுப்புப் பசையோ சிறிதளவு பூசினால் போதும். சில தயாரிப்புகளில் மரைப்பகுதி மட்டும் எஃகாக இருக்கும். வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குறுகிய குழலில் மங்கிய ஒளியில் சுட்டால் வாயில் வெண்பொறி தெறிப்பதைக் காணலாம். வெப்பம் மிக ஏறினால் டைட்டேனியத்தின் வலிமை குறையும் என்பதும் உண்மை, ஆனால் ஓரிரு வெடிகளோடு முடியும் வேட்டையில் அந்த நிலை வருவதேயில்லை. பயிற்சித் திடலில் அடுத்தடுத்துச் சுடுபவர்கள் மட்டும் இடைவெளி விட வேண்டும். மருந்து அதிகம் கொண்ட மக்னம் தோட்டாக்களோடு என் பழக்கம் மிகக் குறைவு. ஆகவே நான் சொல்வதையெல்லாம் .308, 6.5×55 அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையில் டைட்டேனியம் கணிசமாக உயர்ந்தது. நான் தயங்கியதும் அங்கேதான். நோர்வேயின் ஏ-டெக், ஹாவுஸ்கென், சுவீடனின் ஸ்டாலோன், பின்லாந்தின் ஆசே உத்ரா என்று அண்டை நாடுகளிலேயே நல்ல தயாரிப்பாளர்கள் இருப்பதால் அலுமினியத்திலும் எஃகிலும் மலிவான, நம்பத்தக்க தேர்வுகள் பல உள்ளன. முழு அலுமினிய வகையின் தட்டுகளை வெப்ப வாயு நாளடைவில் அரிக்கும். குழல் குறுகக் குறுக அரிப்பு விரைவாகும் என்பதால் தயாரிப்பாளர்கள் குறைந்தபட்சக் குழல் நீளத்தை அச்சிட்டிருப்பார்கள், அதை மீறக் கூடாது. காரத் தன்மையுள்ள கழுவு திரவமும் அலுமினியத்தைத் தின்னும். பிரித்துக் கழுவக்கூடிய வகைகளைச் சிலர் விரும்புகிறார்கள். கரி அதிகம் சேரும் .22 துவக்குக்கு அது மிகப் பொருத்தம். பெருந்தோட்டாத் துவக்கில் பிரிப்பதற்குரிய ஒவ்வொரு இணைப்பும் ஈரம் தங்கும் இன்னோர் இடம் என்றே எனக்குப் படுகிறது. பழையதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மூடிய ஒலியடக்கியின் உட்புறத்தை எளிதில் சோதிக்க முடியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளைகள் ஒரே வட்டமாகத் தெரிகின்றனவா என்று பார்க்கலாம், எடையைத் தயாரிப்பாளர் தந்த எண்ணோடு ஒப்பிடலாம். உட்புறம் தெரியாததாலேயே மறுவிற்பனை விலை விரைவாகச் சரிகிறது. டைட்டேனியத்துக்கு மட்டும் சற்றுக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

எந்த வகையானாலும் மரை அளவை முதலில் உறுதிசெய்ய வேண்டும். M14×1, M15×1, M18×1, அமெரிக்க அளவான 5/8-24 என்று பல உள்ளன. M14ஐயும் M15ஐயும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முயலக் கூடாது. மரை குழலின் உட்துளையோடு ஒரே அச்சில் வெட்டப்பட்டிராவிட்டால் குண்டு தட்டில் உரசும். ஆகவே மரை வெட்டும் வேலையைத் தகுதிபெற்ற துவக்குப் பழுதுபார்ப்பவரிடமே ஒப்படைக்க வேண்டும். ஒலியடக்கி பூட்டியதும் குண்டு விழும் இடம் மாறும். பெருவிலங்கு வேட்டைக்காரர் ஆண்டுதோறும் கட்டாயமாகச் சுட வேண்டிய 30 பயிற்சி வெடிகளையும் 5 தேர்வு வெடிகளையும் இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பயிற்சி வெடிகளுக்கு இடையே கழற்றி மீண்டும் பூட்டிச் சுட்டு, குறி அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டால், வேட்டை முடிந்த ஒவ்வொரு இரவும் அதைக் கழற்றத் தயக்கம் இருக்காது.

நீண்ட குழலைக் குறைக்க மனமில்லாதவர், மழை குறைந்த உள்நாட்டு மலைப்பகுதியில் எல்க் வேட்டைக்குப் போகிறவர், துருப்பிடிக்காத எஃகுக் குழல் வைத்திருப்பவர் ஆகிய மூவருக்கும் நான் உறை வகையையே சொல்வேன். குழலின் மேல் முன்குறி (குறிபார்க்கும் சிறு முனை) பொருத்திய பழைய துவக்கில் அது பெரும்பாலும் ஏறாது. ஏற்ற வேண்டுமென்றால் முன்குறியை அகற்ற வேண்டிவரும்.