குழாயா, போல்ட்டா? கழற்றி மாட்டும் மரவில்லின் மூட்டுச் சண்டை

கழற்றி மாட்டும் மரவில் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மரம் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வி ஒரு வாரம் காத்திருக்கட்டும். முதலில் முடிவு செய்ய வேண்டியது மூட்டு. வில்லை நடுவில் இரண்டாக்கிக் குழாயில் செருகப் போகிறீர்களா, இல்லை ரைசர் (நடுவில் கைப்பிடித் துண்டு) தனி, லிம்ப் (வளையும் கை) இரண்டும் தனி என்று மூன்று துண்டாக்கி போல்ட் போட்டு முடுக்கப் போகிறீர்களா? நீளம், மரம், பசை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு. கண்ணாடியிழை ஒட்டாத வெறும் மரவில்லில், வளைகிற பகுதி மட்டும் இழுப்பு நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வில் செய்பவர்களின் பழைய கைக்கணக்கு. 28 அங்குலம் இழுப்பவருக்கு 56 அங்குலம் வளைய வேண்டும். குழாய் மூட்டில் கைப்பிடியும் அதன் இருபுறச் சரிவும் சேர்த்து 8 முதல் 10 அங்குலம் வளையாமல் நிற்கும். 66 அங்குல வில் போதும். போல்ட் மூட்டில் ரைசரே 16 அங்குலம் என்று வைத்தால் வில் 72 அங்குலமாகிவிடும்.

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கடைகளில் 18 அங்குல ரைசரோடு 62 அங்குல வில் இருக்கிறதே என்று அதே அளவை வெறும் மரத்தில் வெட்டுகிறார்கள். அந்த வில்லின் லிம்புக்கு முன்னும் பின்னும் கண்ணாடியிழை ஒட்டியிருக்கும். அவ்வளவு வளைவையும் அதுதான் தாங்குகிறது. வெறும் மரம் தாங்காது. நாணைக் கழற்றிய பிறகும் கூன் விழுந்தபடி நிற்கும், அல்லது சிலாம்பு கிளம்பி ஒருநாள் வெடிக்கும்.

"மூன்று துண்டாக்கினால் சின்னப் பையில் அடங்கிவிடுமே?" அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 66 அங்குலக் குழாய் வில்லில் பாதி 33, குழாய்க்குள் நுழையும் பகுதியோடு சுமார் 35. 72 அங்குல போல்ட் வில்லில் லிம்ப் 28, ரைசர் மேல் படியும் பகுதியோடு 31 அல்லது 32. மூன்று நான்கு அங்குலம்தான் மிச்சம். பைக்காக போல்ட் பக்கம் போகத் தேவையில்லை.

குழாய் மூட்டு புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரை வண்டியில் கொண்டுபோவதற்கென்றே நடுவில் குழாய் வைத்த வில்கள் இருந்தன. எடை குறைவு, பார்வைக்கும் முழு வில் போலவே இருக்கும். எஃகுக் குழாய் வாங்கியும் ஒட்டலாம். கண்ணாடியிழைத் துணியையும் எப்பாக்சிப் பசையையும் சுற்றி நீங்களே வார்க்கவும் செய்யலாம். உள்ளே நுழையும் பகுதி இறுகியதும் மெழுகு பூசி, அதன் மேலேயே வெளிப்பகுதியைச் சுற்ற வேண்டும். வட்டமாக மட்டும் செய்துவிடாதீர்கள், முறுக்கிக்கொள்ளும். முட்டை வடிவம் நல்லது. கைப்பிடி கொஞ்சம் பருமனாகும். சின்னக் கைக்காரர்களுக்கு உறுத்தும். நாளாக நாளாகத் தேய்ந்து, இழுக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். வில் உடனே உடைந்துவிடாது. ஆனால் காதில் விழுந்த பிறகு அம்பில் மனம் நிற்காது.

போல்ட் மூட்டில் வேலை அதிகம். லிம்ப், ரைசரின் முன்முகத்தில் படிந்திருக்கும். நாணை இழுக்கும்போது ரைசரின் நுனி நெம்புகோலின் தாங்குமுனைபோல நிற்க, லிம்பின் அடி வெளியே எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது போல்ட். எனவே போல்ட் ரைசர் நுனியிலிருந்து தள்ளி இருக்க இருக்க அதன் மேல் விழும் இழுவிசை குறையும். மரத்தில் நேராக மரை போடாதீர்கள்; உள்மரை உள்ள பித்தளைச் செருகி வைத்து எப்பாக்சியில் ஒட்டுங்கள்.

துளைதான் இதில் உயிர். ஒரே போல்ட் போட்டால் லிம்ப் சுழலும், அதனால் கூடவே, சுழலாமல் பிடிக்க ஒரு முளை (சின்னக் கம்பித் துண்டு) வேண்டும். என் முதல் வில்லில் அந்த முளைத் துளை ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டேன். போல்ட்டுக்கும் முளைக்கும் இடைவெளி 75 மில்லிமீட்டர், லிம்ப் நுனி 700 மில்லிமீட்டர் தள்ளி. நுனியில் அது 9 மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. நாண் கைப்பிடியின் ஓரமாக ஓடியது. துளையை அடைத்து மறுபடி போட்டேன். இப்போதெல்லாம் லிம்பை இழைப்பதற்கு முன்பே, பலகை சதுரமாக இருக்கும்போதே, நடுக்கோடு கிழித்துத் துளை போட்டுவிடுகிறேன்.

ரைசருக்கு வைரம் பாய்ந்த கனமான மரம் வேண்டும், நார் நீளவாக்கில் ஓட வேண்டும். பிடிக்கும் இடமும் அம்பு உட்காரும் வெட்டும்தான் மெலிந்த இடங்கள். நார் குறுக்கே ஓடினால் அங்கேதான் முறியும். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரமென்றால் ஒட்டும் முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தும், முதல் வில் செய்கிறவருக்கு நான் போல்ட்டையே சொல்வேன். காரணம் டில்லரிங், அதாவது லிம்ப் இரண்டும் சீராக வளையும்படி கொஞ்சம் கொஞ்சமாக இழைக்கும் வேலை. லிம்பின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறி இறங்குவது. பத்தில் ஒரு பங்கு தடிமனை இழைத்துவிட்டால் பலத்தில் 27 சதவீதம் போய்விடும். 40 பவுண்டு இழுவிசைக்கு ஆசைப்பட்டு 29 பவுண்டில் நிற்பது புதியவர்களுக்குச் சகஜம். குழாய் வில்லில் அப்படி நடந்தால் அந்தப் பாதியைக் குழாயோடு சேர்த்து மறுபடி செய்ய வேண்டும். போல்ட் வில்லில் ரைசர் அப்படியே இருக்கும், புது லிம்ப் ஒரு ஜோடி போதும். 29 பவுண்டு லிம்பும் வீணில்லை, பழகுவதற்கு மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயம்: ரைசரை 14 அங்குலத்துக்குள் அடக்கப் பாருங்கள். வில் 70 அங்குலத்தில் முடியும். கண்ணாடியிழை ஒட்டத் தயாரென்றால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஏற்கெனவே இரண்டு மூன்று முழு வில் செய்து கை பழகியவர் குழாய்க்குப் போகட்டும். நான் இப்போது செய்துகொண்டிருப்பதும் குழாய் வில்தான். அந்த "டிக்" இன்னும் வரவில்லை.