எங்கள் ஊர் லீஜியன் ஹால்: வாடகைக்குப் போகிறவர்கள் சுவரையும் பாருங்கள்

மகளின் பிறந்தநாளுக்கு எண்பது பேர் உட்காரும் இடம் தேடிக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர்தான் "அமெரிக்கன் லீஜியன் ஹாலைப் பாருங்களேன், பார்க்கிங் தாராளம்" என்றார். பத்து வருடமாக அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், வாசலில் ஒரு கொடிக்கம்பம் நிற்கும், அவ்வளவுதான் தெரியும். அமெரிக்கன் லீஜியன் என்பது அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் அமைப்பு, அவர்கள் மாலையில் கூடும் கிளப் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

ஹாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தரை, நல்ல வெளிச்சம், மேசை நாற்காலி எல்லாம் அங்கேயே இருக்கிறது, பெரியவர்களுக்குச் சாய்தளமும் உண்டு. சமையலறையில் சாம்பார், பிரியாணியைச் சூடாக்கிக்கொள்ளலாம். குடும்ப விழாவுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

ஆனால் நான் எழுத வந்தது ஹாலுக்குப் போகும் நடைவழியைப் பற்றி. சாவி கொடுக்க வந்த பெரியவர், நீலத் தொப்பியில் கிளை எண் தங்க நூலில் தைத்திருந்தது, வியட்நாம் போருக்குப் போனவர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதும் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரத்துக்கு வந்தவன் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்குப் போனேன்.

லீஜியனின் கிளைகளை 'போஸ்ட்' என்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்து, வீடு திரும்பக் காத்திருந்த அமெரிக்கப் படையினர் 1919 மார்ச்சில் பாரிஸில் கூடிப் பேசியதில் பிறந்தது இந்த அமைப்பு. அதே வருடம் செப்டம்பர் 16 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் அங்கீகாரச் சாசனம் கொடுத்தது. அதற்கப்புறம் ஊர் ஊராகப் போஸ்ட்கள் முளைத்தன. உயிரோடு இருப்பவர் பெயரைப் போஸ்டுக்கு வைக்கக் கூடாது என்பது விதி. எங்கள் போஸ்டின் பெயரும் அப்படித்தான், பிரான்சுக்குப் போய்த் திரும்பாத ஒரு உள்ளூர்ப் பையனுடையது. அவன் படம் நுழைவாயிலில் இருக்கிறது. சீருடைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருக்கிறது, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அந்தப் பெயரை இத்தனை வருடமாகச் சாலையோரப் பலகையில் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

சுவரில் மாட்டியிருக்கும் சாசனத்துக்குப் பக்கத்தில் செவிலியர் உடையில் ஒரு பெண்ணின் படம். போரில் பணியாற்றிய பெண்கள் தொடக்கத்திலிருந்தே முழு உறுப்பினர்கள் என்றார் பெரியவர். நாடு முழுக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920இல்தான், அதற்கு முன்பே இவர்கள் லீஜியன் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஜி.ஐ. பில் பற்றி அவர் சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து வருபவர்களுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக் கடன், வேலையில்லாக் காலத்துக்கு உதவி என்ற அந்தச் சட்டத்தின் முதல் வரைவை, லீஜியனின் முன்னாள் தேசியத் தலைவர் ஹாரி கோல்மெரி வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, அந்த ஹோட்டலின் காகிதத்திலேயே கையால் எழுதியிருக்கிறார். 1944 ஜூன் 22இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். பெரியவரின் அப்பா அந்தப் பணத்தில்தான் கல்லூரி போனாராம், அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என் அப்பா. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹாலின் மூலையில் ஒரு சின்ன வட்டமேசை இருக்கும். வெள்ளை விரிப்பு, ஒற்றைச் சிவப்பு ரோஜா, தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டும் ஒரு சிட்டிகை உப்பும், கவிழ்த்துவைத்த கண்ணாடி டம்ளர், காலி நாற்காலி. போரில் காணாமல் போனவர்களுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் போட்டுவைத்த இடம் அது. எலுமிச்சை அவர்களுடைய கசப்பான விதிக்கு, உப்பு காத்திருக்கும் குடும்பத்தின் கண்ணீருக்கு. விழாவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த மேசையில் பையையோ கேக் தட்டையோ வைத்துவிடாதீர்கள், குழந்தைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உறுப்பினர் சேர்க்கை பற்றியும் கேட்டேன். முன்பெல்லாம் சில குறிப்பிட்ட போர்க்காலங்களில் பணியாற்றியவர்களுக்கு மட்டும்தான் இடம். கொரியப் போர்க்காலக் கணக்கு 1955 ஜனவரியோடு முடிகிறது, வியட்நாம் கணக்கு 1961 பிப்ரவரியில் தொடங்குகிறது, இடையில் சேவை செய்து விலகியவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. 2019 ஜூலையில் வந்த சட்டம்தான் அதைத் திறந்தது. அப்போது அவர்களுக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். அவ்வளவு வருடம் காத்திருக்க வைத்திருக்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சுவரில் உள்ள குழுப் படங்களில் யார் யார் என்பது இப்போது பெரும்பாலும் இந்தப் பெரியவருக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதிக்கொண்டு வருகிறார், கை கொஞ்சம் நடுங்குகிறது. அடுத்த சனிக்கிழமை ஸ்கேனரோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நம்மவர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு வாருங்கள், பின்வாசல் திறந்திருக்கும்.