ஜூலியாவில் குறியீட்டுக் கணக்கு: சிம்பையை அழைக்கலாமா, சிம்பாலிக்ஸ் போதுமா?

காட்பாடியில் பொறியியல் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். எங்கள் நிரல்கள் எல்லாம் ஜூலியா என்ற நிரல்மொழியில்தான். ராணிப்பேட்டைத் தோல் ஆலைத் தொட்டியில் நல்ல தண்ணீர் விட விட உப்பு எப்படிக் குறையும் என்று ஒரு கணக்கு. எண்ணாகப் போட்டால் ஒரு வளைகோடு வரும், அவ்வளவுதான். எழுத்துகளை வைத்துத் தீர்த்தால்தான், ஓட்ட வீதத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதமே குறையும் வேகத்தை முடிவு செய்கிறது என்பது கண்ணில் படும். இப்படி எழுத்துகளை வைத்துத் தீர்ப்பதுதான் குறியீட்டுக் கணக்கு. இதற்கு ஜூலியாவிலேயே எழுதிய சிம்பாலிக்ஸ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது; பைதான் மொழியின் சிம்பை தொகுப்பையும் ஜூலியாவிலிருந்தே அழைக்கலாம். நான் சிம்பையை எடுத்தேன்.

வேகத்தில் சிம்பாலிக்ஸ்தான் முந்தும். சமன்பாடுகளால் மாதிரிகளை அமைக்கும் ஜூலியா தொகுப்பான மாடலிங்டூல்கிட்டும் அதன் மேல்தான் கட்டப்பட்டது; அதில் வேலை செய்பவர்கள் வேறெதையும் தேட வேண்டாம். ஆனால் தொகையிடலுக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கும் சூத்திர விடை வேண்டுமென்றால், 2007இலேயே வெளிவந்த சிம்பையிடம் சரக்கு அதிகம். வந்த விடையை லாம்ப்டிஃபை என்ற கட்டளை மூலம் ஜூலியா ஃபங்ஷனாக மாற்றிவிட்டால், அப்புறம் எண்களைப் போட்டுப் பார்க்கப் பைதான் பக்கமே போக வேண்டாம். சி++இல் எழுதிய சிம்என்ஜின் என்ற இன்னொரு குறியீட்டுக் கணக்குத் தொகுப்பை வகையிடலுக்கு மட்டும் தொட்டிருக்கிறேன், நல்ல வேகம். அதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழகவில்லை.

சரி, சிம்பை என்று முடிவானாலும் ஜூலியாவையும் பைதானையும் இணைக்கும் எந்தப் பாலம் வழியாக அழைப்பது? பைகால், பைதான்கால் என்று இரண்டு இருக்கின்றன. எனக்குப் பராமரிப்புதான் பெரிய விஷயம். பைகால், நிறுவும்போது ஒரு பைதானோடு தன்னைக் கட்டிக்கொள்கிறது. லினக்ஸை மேம்படுத்தி அந்தப் பைதான் மாறிவிட்டால், பைகாலை மறுபடி பில்டு செய்து ஜூலியாவை மூடித் திறக்க வேண்டும். ஒரு கணினி என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு மாணவரின் லேப்டாப்பிலும் ஒவ்வொரு பைதான் இருக்கும்போது வகுப்பு நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

பைதான்கால் வேறு மாதிரி. தேவையான பைதானையும் சிம்பையையும் அதனோடு வரும் கோண்டாபிகேஜி என்ற நிறுவும் கருவி அந்தத் திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே இறக்கி வைக்கிறது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் பைதானை அது தொடுவதில்லை. அது மாறினாலும் நம் திட்டம் அசையாது. முதல் தடவை இணையம் கட்டாயம் வேண்டும், நேரமும் பிடிக்கும். பதிப்பு எண்ணையும் கோண்டாபிகேஜி கோப்பிலேயே குறித்துவிடுங்கள். எல்லா லேப்டாப்பிலும் ஒரே சிம்பை இறங்கும்.

ஒரே நிரலில் இரண்டு பாலங்களையும் சேர்த்து ஏற்ற வேண்டாம். இரண்டும் வேறு வேறு பைதானைப் பிடித்தால் மோதும்.